உத்தம மனஸ்தாபம்

1988ஆம் ஆண்டு, விபூதிப் புதனுக்கு அடுத்த திங்கட்கிழமை, ஸ்காபரோவில் கோழி வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் அன்ரனெற் தன் தம்பியைக் கொன்றவர்களில் ஒருவனின் குரலைக் கேட்டாள்.

"அக்கா, உந்தப் பெட்டியை இஞ்சால தள்ளிவிடுங்கோ."

அன்றுதான் வேலைக்குச் சேர்ந்தவன். வாயை மறைத்த துணிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. மத்தியானம் சாப்பாட்டு அறையில் அவன் அதைக் கழற்றியபோது, மேலுதட்டைப் பிளந்து கிடந்த தழும்பையும் கண்டாள். பெயர் இரத்தினவேல் என்று யாரோ சொன்னார்கள்.

1986 மே மாதம் குருநகரில் அவள் வீட்டு வாசலில் இயக்கப் பெடியள் ஐந்து பேர் துவக்குகளோடு வந்து நின்றார்கள். தம்பி ஜெயரட்ணம், அவர்கள் அழித்துக்கொண்டிருந்த வேறொரு இயக்கத்திலிருந்த தன் பள்ளிக்கூடச் சிநேகிதனை வீட்டில் ஒளித்து வைத்திருந்தான். சிநேகிதன் மதிலேறித் தப்பிவிட்டான். தம்பி அகப்பட்டான். துவக்குப் பிடியால் முதலில் முழங்காலை உடைத்தார்கள், பிறகு வாயை. அவன் தவழ்ந்து வாசல் படலைவரைக்கும் வந்தான். காலில் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் நடு ரோட்டில் போட்டு மறுபடியும் அடித்தார்கள். அவள் தம்பியிடம் ஓடினாள். "உவளைப் பிடியடா" என்று உதடு பிளந்தவன் கத்தினான். ஒருவன் அவள் தலைமயிரைச் சுற்றிப் பிடித்து முகத்தை மண்ணில் அமுக்கினான். கடைசி அடியை அவள் காணவில்லை. சத்தத்தைத்தான் கேட்டாள்.

நான்கு கிழமை அவன் பக்கத்திலேயே நின்று வேலை செய்தாள். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் சிலுவைப்பாதைக்குப் போனாள். முழங்காலில் நின்றபடி அவன் கழுத்தைத்தான் நினைத்தாள்.

ஐந்தாம் கிழமை ஒரு வியாழக்கிழமை காலை, அவன் அவளுக்கு முன்னால் கையை நீட்டி ஒரு கோழியை எடுத்தான். கத்தியை ஓங்கி அவன் புறங்கையில் இறக்கினாள். அது கையுறையைக் கிழித்து எலும்பில் போய் நின்றது. வெள்ளை இறைச்சி முழுக்க இரத்தம். மற்றக் கையால் தன் வாய்த்துணியை இழுத்துவிட்டுச் சொன்னாள்.

"குருநகர். ஜெயரட்ணத்தின்ரை அக்கா."

அவன் கண்கள் அவளை அடையாளம் கண்டுகொண்டன. கையை எடுக்கவில்லை. அவள் இரண்டாம் முறை வெட்டினாள். சின்னவிரல் மேசையில் தெறித்து விழுந்தது.

எதிரே நின்ற போர்த்துக்கீசப் பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். சுப்பர்வைசர் ஓடிவந்தபோது இரத்தினவேல் தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் கத்தி வழுக்கிவிட்டதாகச் சொன்னான். சுப்பர்வைசர் நம்பவில்லை. ஆனாலும் அப்படியே எழுதிக்கொண்டான்.

சனிக்கிழமை அவள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்திருந்த யேசுரட்ணம் சுவாமி தமிழ்ச் சனங்களுக்காகத் தவக்காலம் முழுக்கப் பின்னேரங்களில் கோயிலில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னாள். செய்த பாவத்துக்கு மனம் வருந்தும் உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லச் சொன்னார். அவள் வாய் திறக்கவில்லை. செய்ததற்கு வருத்தமில்லையா என்று கேட்டார்.

"கழுத்திலை வெட்டேல்லையே எண்டுதான் வருத்தம், சுவாமி."

வருத்தமில்லாதவருக்குப் பாவமன்னிப்பைத் தர முடியாது என்று சுவாமி மெதுவாகச் சொன்னார். அவள் எழும்பினாள்.

"பிள்ளை, ஆண்டவர் மன்னிப்பை எடுத்து வைச்சுக்கொண்டுதான் இருக்கிறார். பெரிய சனி வரைக்கும் நான் இஞ்சை இருப்பன். எப்பவும் வாங்கோ."

அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. கொன்றவனுக்கும் அதையேதானே வைத்திருப்பார் என்று நினைத்தாள்.

பெரிய வியாழனுக்கு முதல்நாள், வேலைத்தலத்தில் விசாரித்து அவன் இருந்த இடத்தைத் தேடிப் போனாள். ஒரு வீட்டின் பேஸ்மென்ற் அறை. கைப்பையில் குசினிக் கத்தி இருந்தது. கதவைத் திறந்தவன் ஆச்சரியப்படவில்லை. உள்ளே வரச் சொல்லிவிட்டு விலகி நின்றான். இடது கையில் பெரிய கட்டு.

கடைசி அடி யார் அடித்தது என்று கேட்டாள்.

"நான்தான்," என்றான். "உங்கடை தம்பி 'அக்காவை ஒண்டும் செய்யாதேங்கோ' எண்டு கேட்டவர். அதுக்குப் பிறகுதான் அடிச்சனான்."

அவள் பாய்ந்தாள். முகத்தில், கண்ணில், அந்த உதட்டில் முஷ்டியால் குத்தினாள். மூக்கு உடைந்து இரத்தம் வழிந்தது. அவன் தடுக்கவில்லை. சுவரோடு சாய்ந்து சரிந்தான். அப்போதும் விடாமல் காலால் உதைத்தாள். ஓர் உதை கட்டுப்போட்ட கையில் விழுந்தது. தையல் பிரிந்தது. அதுவரை சத்தம் போடாதவன் அப்போது கத்தினான். பிறகு முழங்காலை மடித்து, கதவை நோக்கித் தவழப் பார்த்தான்.

அவள் நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியது. தவழுகிறவனை உதைக்கத் தூக்கிய தன் காலை அவளே பார்த்தாள். மூலையிலிருந்த கைகழுவும் பேசினில் வாந்தி எடுத்தாள்.

பிறகு துவாயொன்றை எடுத்து அவன் கையை இறுக்கிக் கட்டினாள். டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மூன்று மணித்தியாலம் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தார்கள். அவனைக் கூப்பிடும் நேரத்தில்தான் வாய் திறந்தான்.

"மன்னிப்புக் கேக்க எனக்கு முகமில்லை, அக்கா."

"கேளாதை. என்னட்டை இல்லை."

அவன் தலையாட்டிவிட்டு உள்ளே போனான்.

அடுத்தநாள் பின்னேரம் சுவாமியிடம் போனாள். அவன் தவழ்ந்ததைச் சொன்னாள். அவனை வெட்டினதுக்கும் உதைச்சதுக்கும் மனவருத்தப்படுவதாகச் சொன்னாள். தம்பியைக் கொன்றதை மட்டும் மன்னிக்க முடியவில்லை, மனசிலே இல்லாததை இருக்கு என்று பொய் சொல்ல மாட்டேன் என்றாள்.

"மன்னிக்க முடிய வேணுமெண்டாவது விருப்பமிருக்கோ?"

"கொஞ்சம்," என்றாள்.

"அது போதும். மிச்சத்தை ஆண்டவர் பாக்கட்டும்." அவர் கையை உயர்த்திப் பாவமன்னிப்பைச் சொன்னார். அவள் தலையைக் குனிந்து, தம்பி செத்த நாளிலிருந்து அழாத அழுகையெல்லாம் அழுதாள்.

இரத்தினவேல் பிறகு தொழிற்சாலைக்கு வரவில்லை. மிசிசாகாப் பக்கம் எங்கோ வேலை செய்வதாகக் கேள்விப்பட்டாள். தேடவில்லை.

மே மாதம் தம்பியின் இரண்டாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு ஒழுங்கு செய்தாள். செத்தவர்களுக்கான மன்றாட்டில் ஜெயரட்ணத்தின் பெயரை எழுதிக் கொடுத்தாள். உயிரோடு இருப்பவர்களுக்கான தாளிலும் ஒரு பெயரை எழுதினாள். டோர்செட் பார்க்கில் அவளோடு ஒன்றாக இருந்த மச்சாள் ஜோசப்பின் அதை எட்டிப் பார்த்து, ஆர் உந்த இரத்தினவேல் என்று கேட்டாள்.

"தெரிஞ்ச ஆள்," என்றாள் அன்ரனெற். தாளை மடித்துச் சுவாமியிடம் கொடுத்துவிட்டு வந்து தன் இடத்தில் இருந்தாள்.