ஐந்து உப்பும் ஒரே பச்சையும்

ஆவடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி மிஸ் ஹில்டா. மறுநாள் பிராக்டிகல் பரீட்சை. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் மதியம் போன் போட்டு, உப்புகளை ஒரே மாதிரிப் புது பாட்டில்களில் வெறும் நம்பர் ஒட்டி வைக்கச் சொல்லிவிட்டார். அலமாரியைத் திறந்தால் பழைய பாட்டிலில் ஒரு லேபிள்கூட இல்லை. மைதாப் பசைக்கு ஆசைப்பட்ட கரப்பான்கள் தின்று தீர்த்திருந்தன. அவை லேசுப்பட்டவை அல்ல. கந்தக அமிலத்தில் முங்கிவிட்டு மீசையை உதறிக்கொண்டு போன ஒன்றைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

எது எந்த உப்பென்று தெரியாமல் பிள்ளைகளுக்கு எப்படி மார்க் போடுவது? உப்புக்கு உப்பு தீயின் நிறம் மாறும் என்பதால் ஹில்டாவே சோதிக்க உட்கார்ந்தார். கம்பியை அமிலத்தில் தோய்த்து, உப்பைத் தொட்டு, பர்னரில் காட்டினார். பச்சை. அடுத்ததும் பச்சை. ஐந்தும் பச்சை. டிபன் பாக்ஸிலிருந்த சாப்பாட்டு உப்பும் பச்சை. லேப் உதவியாளர் கோபியின் நெற்றியிலிருந்து ஒரு சிட்டிகை திருநீறு வாங்கிக் காட்டினார். அதுவும் பச்சையாய் எரிய, கோபி கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஹில்டாவுக்குத் தலை சுற்றியது.

ரெக்கார்டில் கையெழுத்து வாங்க வந்த பிளஸ் டூ பையன் ரூபஸ், வாய் உடைந்த பாட்டில் ஜிங்க், கோணல் மூடி பேரியம், கீறல் விழுந்தது லெட் என்று ஐந்தையும் மளமளவென்று சொன்னான். சீனியர்கள் வருஷாவருஷம் சொல்லிவிட்டுப் போகிற பாடமாம்.

"அப்ப ஃபிளேம் டெஸ்ட்?"

"எல்லாத்துக்கும் பச்சதான் மிஸ் வரும். அத்தொட்டு நாங்க பாக்குறதில்ல."

ஹில்டா கம்பியைப் பார்த்தார். பிறகு கோபியைப் பார்த்தார்.

"பிளாட்டினம் கம்பி எப்பவோ தொலஞ்சிபோச்சி மிஸ். இது ஃபேன் காயில்ல உருவுனது. செம்பு. இன்னா, நல்லாத்தான கீது?"

செம்பு பச்சையாக எரியாமல் வேறெப்படி எரியும்? ஈரத் தென்னங்குச்சியில் உப்பை எடுத்து, மற்ற சோதனைகளும் செய்து பார்த்தார். ரூபஸ் சொன்னது அத்தனையும் சரி. இத்தனை வருஷம் பிள்ளைகள் வாங்கிய முழு மார்க்கெல்லாம் யார் நடத்திய பாடத்துக்கு? சந்தோஷப்படுவதா அழுவதா என்று புரியாமலே புது பாட்டில்களை நிரப்பினார்.

ரூபஸின் முகம் தொங்கியது. "எல்லாம் ஒண்ணுபோல கீதே மிஸ். நாளைக்கு நாங்க ஃபெயிலு."

"போய் எல்லாரையும் கூட்டிக்கினு வா" என்றார் ஹில்டா.

வகுப்பு பர்னரைச் சுற்றி நின்றது. ஹில்டா குச்சியை ரூபஸிடமே கொடுத்தார். கால்சியம் உப்பை அள்ளி, பாம்புக்குப் பால் வைக்கிறவன்போல் எட்ட நின்று தீயில் நீட்டினான். செங்கல் நிறத்தில் எரிந்தது.

அவன் கையை இழுக்கவில்லை.

"மிஸ்," என்றான் மெதுவாக, "உப்புல செவப்பெல்லாங்கூட வருமா?"