ஆளுநர் கார்வரின் அண்ணன்

சனிக்கிழமை நையாண்டி நிகழ்ச்சியில் லெனர்ட் பாஸ்கோவுக்கு ஒரே வேடம்தான்: அதிபர் தேர்தலில் நிற்கும் ஆளுநர் ஹாலிஸ் கார்வர். அன்று நேரலையில் இரண்டு வரி மறந்துபோய், வாய்க்கு வந்ததை அடித்துவிட்டான்.

"எங்க அண்ணன் டோபி பனி உடைஞ்சு ஏரியில விழுந்தப்ப எனக்குப் பத்து வயசு. நான் பதறலை. கரையில நின்ன நாலு பேருக்குக் கை குடுத்து ஓட்டுக் கேட்டேன்."

அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

செவ்வாயன்று அயோவாவில் நடந்த தேர்தல் கூட்டத்தில் நிஜக் கார்வர் டோபியை நினைத்து அழுதார். லெனர்ட் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தான். நிகழ்ச்சியின் தலைமை எழுத்தாளர் இமோஜனைக் கூப்பிட்டான்.

"அவருக்கு அண்ணனே கிடையாது, இமோஜன். நான் கட்டிவிட்ட ஆளு."

"நம்ம ஜோக்கைத் திருடிட்டாரு. நல்லதுதானே, இன்னும் ரெண்டு வாரம் ஓட்டலாம்."

அந்த வாரமே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி டோபிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததாகப் பேட்டி கொடுத்தாள். ஏரிக்கரையில் மக்கள் பூங்கொத்து வைத்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை கார்வரே விருந்தினராக வந்தார். ஒப்பனை அறையில் லெனர்டுக்கு அடுத்த நாற்காலி. கண்ணாடியில் ஒரே முகம் இரண்டாகத் தெரிந்தது. ஒப்பனைப் பெண் வெளியே போனதும் அவர் தணிந்த குரலில் கேட்டார்.

"தம்பி, டோபிக்குக் கண்ணு என்ன நிறம்?"

"சார், அது சும்மா சொன்னது. அப்படி யாரும் இல்லை."

"தெரியும்ப்பா. எனக்குத் தெரியாதா? ஆனா அம்மா மேசையில அவனுக்கும் தட்டு வைக்கிறாங்க. அவன் கண்ணு ஞாபகம் வரலையேன்னு அழுறாங்க. உனக்குத்தான் அவனைத் தெரியும்."

 இதை இன்றே முடித்துவிட வேண்டும் என்று லெனர்ட் நினைத்தான். மேடையேறியதும், எழுதிக்கொடுத்ததை விட்டுவிட்டுக் கார்வரின் குரலிலேயே சொன்னான்: "எனக்கு அண்ணன் கிடையாது. டோபின்னு யாரும் பிறக்கவே இல்லை."

ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். கார்வர் அருகில் வந்து, மன்னித்துவிட்டவர்போல அவன் தோளில் கை வைத்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் பிடித்தது.

செத்த பிள்ளையைக் கேலி செய்தவன் என்று லெனர்டை வேலையை விட்டு நீக்கினார்கள். ஒஹாயோவில் அக்கா வீட்டுக்குப் போனான். முதலில் கோபம் இருந்தது. பிறகு அதுவும் கரைந்துபோனது. பாத்திரம் கழுவும்போது குழாய்த் தண்ணீர் மணிக்கட்டில் பட்டால், குழாயை மூடிவிட்டு நிற்பான். ஏரியில் அந்தத் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று தோன்றும்.

கார்வர் அமோகமாக ஜெயித்தார். மறுநாள் காலை இமோஜன் கூப்பிட்டாள்.

"எப்படி இருக்க லென்? நீ யாருக்குப் போட்ட?"

"கார்வருக்கு."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான்.

"டோபி இருந்திருந்தா அவர்தான் தேர்தல்ல நின்னிருப்பாரு" என்றான்.



"ஆமா" என்றாள் இமோஜன். அவள் குரல் உடைந்திருந்தது. "டோபி எவ்வளவு நல்ல மனுஷன்."