ஒலிபெருக்கியின் ஆமென்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது என் கற்பனை இல்லை, என் அக்காவிடமிருந்து கறந்தது. சபைப் பத்திரிகைக்கு 'ஊழியம்' பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். "அன்பே உருவான ஒரு சகோதரி" என்று தொடங்கினேன். அக்கா படித்துவிட்டு, "யாருடா இவ?" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். பட்டப்பெயர் ஒலிபெருக்கி. ஆராதனை முடிந்ததும் துவண்டு கிடப்பவர்களைத் தேடிப் போய்த் தேற்றுவாள், தேறும்வரை விடமாட்டாள். (தப்பித்தால் போதும் என்றே தேறியவர்கள் உண்டு.)

அவளுக்குத் தொண்டை கட்டியது. பத்து நாள் வாயே திறக்கக் கூடாது என்றார் மருத்துவர். அந்த வாரம்தான் ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவரைப் பார்த்துவரும் முறை அவளுக்கு வந்தது. மனைவி இறந்து இரண்டு வருடமாக அவர் சபைப்பக்கம் வரவில்லை. கண்ணில் புரை, இடுப்பில் முறிவு. ஆறுதல் சொல்லப் போன மூன்று குழுக்களை வாசலோடு அனுப்பியவர்.

3

சொல்ல வேண்டியதையெல்லாம் தாளில் எழுதி எடுத்துப்போனாள். அவரால் படிக்க முடியவில்லை. அவள் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அவளை மருத்துவமனை அனுப்பிய நர்ஸ் என்று நினைத்து, கட்டிலிலிருந்து இரண்டு கால்களையும் நீட்டினார். குனிய முடியாமல் ஐந்து மாதமாக வெட்டாத நகங்கள்.

[இங்கே 'அக்கா அன்போடு குனிந்தாள்' என்று இருந்தது. "அன்பா? குமட்டிக்கிட்டு வந்துச்சு" என்றாள்.]

வெந்நீர் வைத்துக் கால்களை ஊறவைத்து, வெட்டத் தொடங்கினாள். கேட்க ஆள் கிடைத்த தெம்பில் அவர் சபையாரை ஒருவர் விடாமல் வறுத்தெடுத்தார். பிறகு குரல் தாழ்ந்தது.

"எல்லாரையும் பொறுத்துக்கலாம் சிஸ்டர். பஸ் ஸ்டாண்டு மைக்ல பேசுற அந்தம்மா இருக்காங்களே, என் வீட்டுக்காரி செத்த அன்னிக்கு முக்கால் மணி நேரம் ஆறுதல் சொன்னாங்க. நான் அழறதுக்கு இடமே விடல."

அக்கா சுண்டுவிரல் நகத்தை மிக மெதுவாக வெட்டினாள்.

4

அன்றே அவள் மனம் திருந்தி— இல்லை. அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

பதினோராம் நாள் குரல் திரும்பிவிட்டது. ஆனாலும் புதன்தோறும் அங்கே வாய் திறக்காமலே போய்வந்தாள். (அந்தக் குறையை எங்கள் வீட்டில் தீர்த்துக்கொண்டாள்.) அவர் மனைவியைப் பற்றிப் பேசினார், அழுதார், ஒரு நாள் சிரிக்கவும் செய்தார்.

5

முடிவுக்கு இரண்டு வரைவுகள் எழுதினேன். அவள் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறாள்: பிரசங்கம் மாதிரி இருந்தது. அவருக்கு முதலிலேயே தெரியும்: நானே நம்பவில்லை.

நடந்தது இதுதான். ஆறாவது புதன்கிழமை அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆண்டவர்கிட்ட நான் பேசி ரெண்டு வருஷமாச்சு. உங்க தொண்டைக்காக இன்னிக்குக் கேட்டுப் பாக்குறேன் சிஸ்டர்."

தட்டுத்தடுமாறி ஜெபித்து முடித்தார். கூட இருப்பவர் சொல்லி முடிக்க வேண்டிய அந்த ஒரு வார்த்தைக்காகக் கண்ணைத் திறக்காமல் காத்திருந்தார்.

வாய் திறந்தால் அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்துவிடும். திறக்காவிட்டால், இரண்டு வருடம் கழித்துக் கேட்டவருக்குப் பதிலே இல்லை.

அப்புறம் என்ன ஆச்சு என்று அக்காவிடம் கேட்டேன். எழுந்து போய்விட்டாள். அதனால் அந்த ஒரு வார்த்தையை நான் எழுதப்போவதில்லை. அவர் இன்னும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். நீங்கள் சொல்லுங்கள், சத்தமாகவா, மனதுக்குள்ளா என்பது உங்கள் பாடு.