மைனஸ் ஒரு படகு

எட்டாம் வகுப்பு அரையாண்டுத் தாள்களைத் திருத்தும்போது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது. கேள்வி நான் எடுத்ததுதான். துறைமுகத்தில் x படகுகள் நிற்கின்றன. படகுக்கு ஆறு ஐஸ் பெட்டி, கரையில் தனியாக இன்னும் ஆறு. மொத்தப் பெட்டிகளை இயற்கணிதக் கோவையாக எழுதுக. 6x + 6. அவ்வளவுதான், அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. எத்தனை படகு என்று யாரும் சொல்லவில்லை; சொல்லும்வரை x எதுவாகவும் இருக்கலாம். ஆனால் காவ்யாவைத் தவிர வகுப்பே அதன் பக்கத்தில் = 0 போட்டு, x = –1 என்று கண்டுபிடித்து, ஸ்கேல் வைத்துக் கட்டமும் கட்டியிருந்தது.

கட்டம் தெட்சிணாமூர்த்தி சாரின் சட்டம். போன வருஷம்வரை இவர்களுக்குக் கணக்கு எடுத்தவர், இப்போது ஹெச்.எம். x-க்கு ஓர் எண் கண்டுபிடித்துக் கட்டம் கட்டாவிட்டால் அவரிடம் மார்க் கிடையாது. கோவையோ சமன்பாடோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். சமக்குறி இல்லையென்றால் பிள்ளைகளே ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

காவ்யாவுக்கு மட்டும் முழு மார்க் போட்டேன். மறுநாள் காலையில் மார்க்கைப் பார்த்துவிட்டு சார் கூப்பிட்டார். என் வேலை நீட்டிப்பு ஆர்டர் அவர் கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது.

"என்னம்மா ஜெமிமா, க்ளாஸே தப்பு, கிளிஞ்சல்மேட்டு மீனவப் புள்ள ஒண்ணு மட்டும் சரியா?"

"ஆமா சார். நான் கேட்டது கோவை. மத்தவங்க இல்லாத சமன்பாட்ட உண்டாக்கிட்டாங்க."

"பரீட்சைன்னா முடிவா ஒரு விடை வேணும்மா. க்ளாஸுக்குப் போயி, நான்தான் தப்பாத் திருத்திட்டேன்னு சொல்லிருங்க. அப்புறம் இதுல கையெழுத்துப் போடுறேன்."

எங்கள் வீட்டுக்கு வரும் ஒரே சம்பளம் என்னுடையது. தம்பி இன்னும் படிக்கிறான். அது தெரிந்துதான் அவர் சொன்னார். நான் வகுப்புக்கு நடந்தேன். அவரும் பின்னாலேயே வந்தார்.

போர்டில் 6x + 6 என்று எழுதினேன். சார் சாக்பீஸை வாங்கிப் பக்கத்தில் = 0 சேர்த்தார்.

"காவ்யா, எந்திரி. இப்ப x எவ்வளவு?"

அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அந்த சைபர் கேள்வியிலயே இல்லியே சார். மைனஸ் ஒரு படகுன்னா, அது எந்தக் கரையில கெடக்கும்?"

பின்பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாரின் முகம் சிவந்துவிட்டது.

"வாய் நீளுது. உக்காரு. டீச்சர், நீங்க சொல்லுங்க."

எனக்குப் பயம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சைபரைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. டஸ்டரை எடுத்து = 0-ஐ மட்டும் அழித்தேன்.

"இதான் விடை. காவ்யா எழுதுனது சரி."

சார் திரும்பவும் = 0 எழுதினார். திரும்பவும் அழித்தேன். அவர் பெட்டியிலிருந்து புதுச் சாக்பீஸ் ஒன்றை எடுத்தார். நான் டஸ்டரை ஜன்னலுக்கு வெளியே நீட்டி நன்றாகத் தட்டிவிட்டு, போர்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டேன்.