நடுவில் நிற்கும் தண்ணீர்

உறைந்து முடியாத ஐஸ் பாரின் நடுவில் தண்ணீர் நிற்கிறது, வெளியே கண்ணாடி மாதிரி இறுகி நாலு பக்கமும் நேராக இருக்கிறது, தட்டினால் மட்டும் மொத்தென்று ஒரு சத்தம், அதைக் காது கொடுத்துக் கேட்க இப்போது எவனுக்குப் பொறுமை இருக்கிறது, இந்தக் காலத்தில் ஒருத்தரும் ஆளைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்க்கிறார்கள், தாளில் நம்பர் சரியென்றால் ஆளும் சரி, போய்விட்டு வா. முப்பத்தொரு வருஷம் தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனியில் நின்றவன் நான், அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவன், உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் வெறுங்கையை விட்டு ஐஸ் உறைகிற டின்னைத் தூக்கியிருக்கிறேன், குளிர் என்றால் என்னவென்று கேட்டுச் சிரித்தவன், இன்றைக்கு வைகாசி வெயிலில், டாக்டர் அறைக்கு வெளியே, ஸ்வெட்டர் போட்டுக் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஃபேனை நிறுத்தச் சொன்னதற்கு எதிர் பெஞ்சில் இருந்தவன் என்னைப் பார்த்து முறைக்கிறான், பக்கத்தில் என் பெண்டாட்டி பிலோமினா மடியில் என் ரத்த ரிப்போர்ட்டை வைத்திருக்கிறாள், ஆய்வகத்துப் பெண் அதைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டாள், எல்லாம் நார்மல் தாத்தா, சந்தோஷமா போங்க.

சந்தோஷம், ஆமாம், மெஷின் அறையில் சுவரில் தொட்டியின் குளிரைக் காட்டுகிற ஒரு டயல் இருந்தது, அதில் ஒரு முள், சிவப்புக் குறியில் நின்றால் முதலாளிக்குச் சந்தோஷம், கரண்ட் போய்த் தொட்டி சூடேறின நாளில் அவர் வருவதற்கு அரை மணி முன்னால் இரண்டாவது மெஷினையும் சேர்த்து ஓட்டிவிடுவேன், முள் தானாக வந்து குறியில் நிற்கும், அவர் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார், உள்ளே பார் முழுசாக உறைந்திருக்காது, அது எனக்குத் தெரியும், படகுகளுக்கு ஏற்றிவிடுவேன், ஒருமுறை மீன்பிடிக்கிற தொம்மையின் படகு அந்த ஐஸைக் கொண்டுபோய் நாலு நாள் கழித்துத் திரும்பியது, மீனெல்லாம் கண் வெளுத்து நாறிப்போயிருந்தது, அவன் கம்பெனி வாசலில் நின்று ஏசுகிறான், ஏலே நீ ஐஸ் குடுத்தியா தண்ணி குடுத்தியா என்று, நான் டயலைக் காட்டுகிறேன், பாருடே, முள்ளு சரியா நிக்கி, அதே குரலில்தான், அதே வாயால்தான், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பாயில் படுத்திருந்த பிலோமினாவிடமும் சொன்னேன். அவள் அப்போது இறால் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள், விடிந்தால் எழுந்திருக்க முடியவில்லை என்பாள், முடி கொத்துக் கொத்தாக வருகிறது என்பாள், குளிருது குளிருது என்று சேலையை இழுத்து இழுத்துப் போர்த்துவாள், குளிரைப் பற்றி என்னிடமே சொல்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு, ரத்தம் கொடுத்துப் பார்த்தாள், நார்மல் என்று வந்தது, அந்தத் தாளை அவள் வயிற்றின் மேல் போட்டேன், நார்மல்னு போட்டிருக்கான்ல, எந்திரி. அவள் எழுந்துவிட்டாள், அதுதான் இப்போது வந்து வந்து நிற்கிறது, மறுபேச்சுப் பேசாமல் கையை ஊன்றி எழுந்து வேலைக்குப் போனாள், பத்து மாதம் போனாள், ஒருநாள் இறால் உரிக்கிற மேஜை மேலேயே சாய்ந்துவிட்டாள், பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, தைராய்டு சுரப்பி கொஞ்சங் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறது, முதல் சோதனையில் பிடிபடவில்லை என்றார்கள், அன்றிலிருந்து விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி.

எனக்கு மார்கழியில் ஆரம்பித்தது, இத்தனை வருஷத்து ஐஸ் இப்போதுதான் எலும்புக்குள் இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன், எங்கள் கம்பெனியில் வேலை செய்த எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், பிறகு புருவத்தின் ஓரம் உதிர்ந்தது, குரல் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஆனது, நாலு நாளுக்கு ஒருமுறை வெளிக்கிருப்பதே பெரும்பாடு, மாடிப்படி மலையாகிவிட்டது, உட்கார்ந்தால் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகுகிறது, இதெல்லாம் யாருடைய வாயிலிருந்து முன்பே கேட்டது என்று எனக்குத் தெரியும், தெரிந்ததால்தான் சொல்ல முடியவில்லை, சொன்னால் அவள் வார்த்தையை நான் சொல்லவேண்டும். டாக்டரிடம் போனால் தாளைப் பார்ப்பான், அதனால் ஈஸ்டர் முடிந்த வாரம், அவள் எழுந்திருக்கும் முன்னே, மாதா படத்துக்குக் கீழே இருக்கிற அவளுடைய மாத்திரைப் புட்டியைத் திறந்து ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டேன், மறுநாளும், அதற்கு மறுநாளும், திருட்டிலும் ஒரு ஒழுங்கு, அவளைப் போலவே ஒரு மணி நேரம் காத்திருந்துதான் கருப்பட்டிக் காப்பி கேட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் மாதத்துக்கு ஒருமுறைதான் கொடுப்பார்கள், புட்டி பாதியிலேயே காலியாகி வந்தது, எனக்குத்தான் மறதி, ரெண்டு தடவ போட்டுக்கிட்டேன் போல என்று அவள் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள், நான் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன், அவள் கண்ணுக்குக் கீழே பழையபடி வீங்க ஆரம்பித்தது, கணுக்காலும், அதையும் பார்த்தேன், பார்த்துக்கொண்டே மறுநாளும் புட்டியைத் திறந்தேன், கடைசியில் அவள்தான் சொன்னாள், ஒங்க மொகம் சரியில்ல, ரத்தம் குடுத்துப் பாத்துருவோம், வாங்க.

உள்ளே கூப்பிட்டார்கள், சின்ன வயசு டாக்டரம்மா, தாளை வாங்கிப் பார்த்தாள், பிறகு என் கையைப் பிடித்துப் பார்த்தாள், தோலை, நகத்தை, முழங்கால் மூட்டில் ரப்பர் சுத்தியலால் தட்டினாள், தட்டிப் பார்க்கிற ஒருத்தியாவது இருக்கிறாளே என்று தோன்றியது, ஐயா, தைராய்டு அளவு நார்மலாத்தான் வந்திருக்கு, அதுக்காக ஒங்களுக்கு ஒண்ணுமில்லன்னு நான் சொல்லல, ரத்தம் கொறைவா இருக்கலாம், வேற எதுனாலயும் இப்படி வரும், ஒவ்வொண்ணாப் பாப்போம், எதாவது மாத்திர சாப்பிடுறீங்களா. இல்லை என்றேன். முள் குறியில் நிற்கிறது, முதலாளி பார்க்கிறார், உள்ளே மெஷின் இரண்டும் ஓடுகிறது, இல்லை என்று இன்னொரு தடவையும் சொன்னேன், அப்போது பிலோமினா சேலை முந்தியைச் சரி செய்துகொண்டு, யாரிடமோ ஊர்க்கதை சொல்கிற மாதிரி சொன்னாள், ரெண்டு மாசமா அவிய காலைல காப்பிய ஒருமணி நேரம் கழிச்சுத்தான் கேக்காவ டாக்டரம்மா, முன்னயெல்லாம் காப்பி குடிக்காம கண்ணே முழிக்க மாட்டாவ. டாக்டரம்மா அவளைப் பார்த்தாள், அவள் வீங்கின கண்ணைப் பார்த்தாள், அப்ப நீங்க என்னம்மா சாப்பிடுறீங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் போடுதேன், அவியளுக்கும் வேணும்லா. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ஐயா, இது ஒங்க ரத்தத்தோட கணக்கு இல்ல, அந்த மாத்திரையோட கணக்கு, மொதல்ல நம்பர்தான் சரியாகும், ஒடம்பு அப்புறமாத்தான் வரும், இன்னைக்கே அத நிறுத்துங்க, ஆறு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுத்துப் பாப்போம், அதுக்குள்ள ரொம்ப முடியலன்னா ஒடனே வந்துருங்க, அம்மா, நீங்க நாளைலேர்ந்து முழுசாப் போடணும், ஒங்களுக்கும் சோதிக்கணும். நான் தரையைப் பார்த்தேன், தரையில் பூப்போட்ட டைல்ஸ், ஆறு வாரம், மாத்திரை இல்லாமல் ஆறு வாரம், அதுவரை நான் நோயாளியும் இல்லை, நல்லவனும் இல்லை.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன், வெயில் முதுகில் விழுகிறது, விழுவது தெரிகிறது, சுடவில்லை. எப்பம்லேர்ந்து ஒனக்குத் தெரியும், என்றேன். காப்பி கேக்காத அன்னைக்கே. பொறவு ஏன் சொல்லல. அவள் ரிப்போர்ட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள், சொன்னா நம்புவியளா, என்றாள். இந்தக் கனத்த குரலில் எதைச் சொன்னாலும் பொய் மாதிரி இருக்கும், கழுத்துத் துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டேன். அவள் என் முன்னால் வந்து நின்றாள், நிழல் என் மேல் விழுந்தது, முகத்தில் சிரிப்பா என்னவென்று தெரியவில்லை, நார்மல்னு போட்டிருக்கான்ல, எந்திரிங்க.

எழுந்தேன், மறுபேச்சுப் பேசாமல், கையை ஊன்றி. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், சில்லென்று இருந்தது, என் குளிரா அவள் குளிரா என்று எந்த டயலில் பார்ப்பது, வெயிலில் இறக்கிப்போட்ட இரண்டு ஐஸ் பார் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்க வராதே, அப்படி. ஆறு வாரம் கழித்து வருகிற முள்ளையும் நான் நம்பப்போவதில்லை, முள்ளை நிறுத்தின கை இது, நாளைக்குக் கண் முழித்ததும் காப்பி கேட்பேன், அவ்வளவுதான். ரோட்டோரமாக மெதுவாக நடக்கிறோம், வெளியே நாலு பக்கமும் நேராக இருக்கிறேன், நடுவில் தண்ணீர் ஆடுகிறது, சிந்தாமல் நடக்கிறேன்.