அவளும் ரஜோ கொண்டாடினாள்

கதை எழுதுவதற்கு எனக்கு எந்தத் தகுதியும் இல்லை என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். பெண்கள் உயர்நிலைப் பள்ளியொன்றில் வரலாறு கற்பிப்பவள் நான். இதுவரை நான் எழுதியவை வினாத்தாள்களும் விடுப்பு விண்ணப்பங்களும்தாம். எழுதத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருக்க, நானும் பேனாவை எடுத்துவிட்ட துணிவை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். எங்கேனும் சொற்கள் தடுமாறினால் அது என் பயிற்சிக் குறைவு என்று கொள்ளுங்கள்.

எங்கள் வீடு கேந்திரபாராவுக்குக் கிழக்கே, மகாநதியின் கிளையாறு ஒன்றின் கரையில் இருக்கிறது. வீட்டில் அப்போது நாங்கள் நால்வர். என் கணவர் சனாதன், அவருடைய தாயார், அவருடைய தங்கை குனி, நான். மாமியாரை நாங்கள் எல்லோரும் 'போவு' என்றே அழைப்போம்; அம்மா என்று பொருள். குனி என்னை 'பௌஜோ' என்பாள். அந்தச் சொல்லில் அண்ணியும் உண்டு, அவள் சொல்லும் விதத்தில் கொஞ்சம் வம்பும் உண்டு.

திருமணமாகி ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு நான் கருவுற்றிருந்தேன். எங்கள் பக்கத்தில் பெண் குழந்தை வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்கும் வீடுகள் குறைவு. எங்கள் வீடு அப்படிக் கேட்டது. காரணம், குனிக்குத் தை மாதத்தில் திருமணம் நிச்சயமாகியிருந்தது. முற்றத்து மாமரத்தில் ரஜோ ஊஞ்சல் கட்டினால் அதில் அமர்ந்தாட அடுத்த ஆண்டு இந்த வீட்டில் பிறந்த பெண்ணென்று ஒருத்தி இருக்கமாட்டாள் என்பது போவுக்குத் தாளாத குறையாக இருந்தது.

ரஜோ என்பது ஆனி மாதத் தொடக்கத்தில், மழை இறங்குவதற்கு முன்பாக எங்களுக்கு வரும் பண்டிகை. அந்த மூன்று நாட்களும் பூமி மாதவிலக்காகி இருக்கிறாள் என்று கொள்கிறோம். அவள் மீது ஏர் படக்கூடாது, மண்வெட்டி படக்கூடாது. அவளைப் போலவே பெண்களும் ஓய்ந்திருக்க வேண்டும். அரிவாள்மணையையும் அம்மியையும் தொடமாட்டோம். வெறுங்காலால் மண்ணை மிதிக்காமல் பாக்கு மட்டைச் செருப்பு போட்டுக்கொள்வோம். ஆண்கள் சமைப்பார்கள், நாங்கள் குறை சொல்வோம்.

ஆகவே பண்டிகைக்கு முந்தைய நாள்தான் எங்களுக்கு வேலை மிகுதி. அன்று மாலை போவு, தேங்காயும் வெல்லமும் சேர்த்த அரிசிமாவை வாழையிலையில் பொதிந்து தணலில் வைத்தார். விடிய விடிய வெந்து மேலெல்லாம் கருகி எழும் அந்தப் பலகாரத்துக்குப் பொடா பிட்டா என்று பெயர். வெல்லம் உருகும் மணம் எழுந்ததும் என் வயிற்றுக்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. மிஞ்சிய தேங்காய்த் துருவல் தட்டை நான் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். தட்டு எகிறியது.

"போவு, பாரு பாரு! உன் பேத்தி தட்டையே தட்டிவிடுறா!" என்று குனி கத்தினாள்.

"இருக்கும்டி. உங்கப்பன் மாதிரி, இனிப்பு வாசனை வந்தா இருப்புக் கொள்ளாது."

"கழுதைக்குட்டி! பௌஜோவோட விலாவை ஒடிச்சுட்டுத்தான் வெளிய வருவா போல."

இந்த உதைகளைப் பற்றி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மருத்துவமனையில் ஒரு செவிலியர் எனக்குச் சொல்லியிருந்தார். "குழந்தை ஆட்டம் குறைஞ்ச மாதிரி தோணுச்சுன்னா அன்னிக்கே வந்துடுங்க. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு இருந்துடாதீங்க" என்பது அவர் சொன்ன சொல். நான் வீட்டில் வந்து அதை அப்படியே ஒப்பித்தேன். எல்லோரும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். இந்த வீட்டில் யாரும் அறிவில்லாதவர்கள் அல்லர் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

மறுநாள் முதல் ரஜோ. குளித்துப் புதுப்புடைவை உடுத்தி, ஊஞ்சலடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். குனி செம்பஞ்சுக் குழம்புக் கிண்ணத்தோடு வந்து போவின் பாதங்களுக்குப் பூசினாள், எனக்குப் பூசினாள், பிறகு பஞ்சை விரலில் சுற்றிக்கொண்டு யோசித்தாள்.

"எல்லாப் பொண்ணுக்கும் காலுக்குப் பூசியாச்சு. உள்ள இருக்கறவளுக்கு யாரு பூசுறது?"

"உள்ள கையை விட்டுப் பூசு" என்றார், அடுப்படியில் பருப்போடு போராடிக்கொண்டிருந்த என் கணவர்.

"நீ போய் உப்பைப் பாரு அண்ணா. நேத்து எந்த இடத்துல உதைச்சா, பௌஜோ? இங்கயா? இதோ, இதான் அவ காலு."

வலது விலாவுக்குக் கீழே, வழக்கமாகக் குதிகால் வந்து முட்டும் இடத்தில், உள்ளங்கையளவு சிவப்பு வட்டம் ஒன்றை வரைந்தாள். குளிர்ந்த குழம்பு பட்டால் உள்ளிருந்து ஓர் உதை வருமென்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தோம். வரவில்லை.

"என்னடி, பதிலே காணோம்?" குனி வயிற்றோடு காதை ஒட்டிக்கொண்டாள். "ஓய் மகாராணி! உனக்குமா ரஜோ?"

போவு சட்டென்று நிமிர்ந்தார். அந்த முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை; அவ்வளவு ஒளி. "அடியம்மா! பொண்ணுதான்டி! பையனா இருந்தா இன்னிக்கு அடங்கியிருப்பானா? ஊரே ஓய்ஞ்சு கிடக்குன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு!"

சிரித்தோம். அடுத்த வீட்டுச் சாரு மாவுசி, எங்களுக்குச் சித்தி முறை, வெற்றிலைத் தட்டோடு வந்தபோது செய்தி அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் வழியாகத் தெரு முழுவதும் போயிற்று. ஜரணாவின், அதாவது என், வயிற்றுப்பிள்ளை ரஜோ கொண்டாடுகிறது என்பதைவிட இனிய பேச்சு அன்று எங்கள் தெருவில் வேறு இருக்கவில்லை. பகல் முழுதும் சீட்டாடினோம். போவு சீட்டை முந்தானைக்குள் ஒளித்து மாட்டிக்கொண்டார். அன்று மாலை உள்ளே ஏதோ மெதுவாகப் புரண்டதுபோல் எனக்குத் தோன்றியது. ஆகவே மனம் சமாதானமாயிற்று.

இரண்டாம் நாள், ஆனி பிறக்கும் சங்கராந்தி. காலையில் பொடா பிட்டாவை விண்டு வாயில் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். வெல்லம் உள்ளே போனால் ஆட்டம் தவறியதில்லை. இன்னொரு துண்டு தின்றேன். பிறகு இடப்பக்கமாகப் படுத்துப் பார்த்தேன். மதியம் சீட்டாட்டத்தின் நடுவே என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"போவு, காலையிலேர்ந்து ஒண்ணும் தெரியலை."

"என்ன தெரியலை?"

"குழந்தை. அசையவே இல்லை."

போவு சீட்டுகளைக் கீழே வைத்துவிட்டு என் தலையைத் தம் தோளில் சாய்த்துக்கொண்டார். "ஒம்போது வருஷம் காத்திருந்தவ நீ. பயம் வரத்தான் செய்யும். நான் சொல்றேன் கேளு. அவ இந்த வீட்டுப் பொண்ணு. மூணு நாளும் அம்மா பூமியே புரண்டு படுக்க மாட்டா. இவ மட்டும் எகிறிக் குதிப்பாளா?"

"இல்ல, அந்த நர்ஸ் சொன்னாங்க…"

"சொன்னாங்க. அவங்க எல்லா நாளுக்கும் பொதுவா சொன்னாங்க. ரஜோவுக்குன்னு தனியா சொன்னாங்களா?"

குனி வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

என் கணவர் கரண்டியோடு வாசலில் வந்து நின்றார். "வேணும்னா வண்டி கொண்டு வரேன். படகுக்காரனை நான் கூப்பிட்டா வருவான்."

"ரஜோ சங்கராந்தியில புள்ளைத்தாச்சியை மாட்டு வண்டியில குலுக்கி, படகுல ஏத்தி, தூங்குற பொண்ணை எழுப்பப் போறியா?" என்றார் போவு. கோபமாக அல்ல, கெஞ்சலாக. "நாலாம் நாள் விடியட்டும். பூமிக்குன்னு அம்மியைக் குளிப்பாட்டினதும் நானே கூட்டிட்டுப் போறேன். அவளே முழிச்சுக்கிட்டு உதைப்பா, பாரு."

என் கணவர் என்னைப் பார்த்தார். "நீ என்ன சொல்றே?"

மடியில் ஏலக்காய் போட்ட இனிப்பு வெற்றிலை இருந்தது. குனி என் பாதத்தில் அழிந்த இடத்தில் மறுபடி செம்பஞ்சு தொட்டுக்கொண்டிருந்தாள். போவின் கை என் தலைமுடிக்குள் இருந்தது. என் வாழ்நாளில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னை அப்படித் தாங்கியதில்லை.

"நாலாம் நாளே போகலாம்" என்றேன்.

மூன்றாம் நாள் எங்கள் வீட்டில் கூட்டம். சாரு மாவுசி வெள்ளிக் கொலுசு ஒரு ஜோடி கொண்டு வந்திருந்தார். என் மூன்று விரல்களைச் சேர்த்து மாட்டினால் சரியாக இருக்கும் அளவு. தெருப் பெண்கள் ஊஞ்சலைச் சுற்றி நின்று பாடினார்கள். என்னை ஊஞ்சலில் அமர்த்தி, அதிராமல் மெல்ல ஆட்டினார்கள்.

"என்ன சமர்த்துப் பொண்ணு! ரெண்டு நாளா அம்மாவுக்கு ஒரு தொந்தரவு உண்டா?"

"எம் பொண்ணுங்களும் இருக்காளுங்களே. ரஜோன்னாத்தான் எனக்கு ரெட்டை வேலை."

"குனி, நீ போற வீட்டுல இப்படி ஒருத்தியை இறக்கிடாதே. அங்க பையன்தான் கேப்பாங்க."

குனி நாக்கைத் துருத்தினாள். ஊஞ்சல் பின்னுக்குப் போகும்போது என் வயிறும் பின்னுக்குச் சரிந்தது. முன்னுக்கு வரும்போது முன்னுக்குச் சரிந்தது. உள்ளே இருப்பது தானாக எதையும் செய்யவில்லை என்பதை ஊஞ்சல்தான் எனக்குச் சொன்னது. பாட்டு முடியும்வரை இறங்காமல் அமர்ந்திருந்தேன். பிறகு கணவரை அழைத்து, விடிந்ததும் வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

நான்காம் நாள் காலையில் பூமியைத் தலைக்குக் குளிப்பாட்டுவது வழக்கம். அம்மிக்கல்லைத்தான் பூமியாகக் கொள்வோம். போவு அதற்கு எண்ணெய் தேய்த்து, மஞ்சள் அரைத்துப் பூசி, நீரூற்றி, பூ வைத்தார். எஞ்சிய மஞ்சளை எனக்குப் பூச வந்தார். முகத்தில் பூசினார், கழுத்தில் பூசினார், வயிற்றில் கையை வைத்தார். கை அங்கேயே நின்றுவிட்டது. சிவப்பு வட்டத்தின் மேல் மஞ்சள் கை. சற்றுமுன் கல்லைத் தொட்ட அதே கை.

"சனா" என்றார் போவு. குரல் மாறியிருந்தது. "வண்டி… வண்டி எங்கடா?"

சொல்லி வைத்த வண்டி இன்னும் வந்திருக்கவில்லை. போவு செருப்பில்லாமல் தெருவில் ஓடினார். பண்டிகைதான் முடிந்துவிட்டதே, மண்ணை மிதிக்கலாம்.

மருத்துவமனையில் அந்தச் செவிலியரே இருந்தார். ஒலி கேட்கும் குழலைச் செம்பஞ்சு வட்டத்தின் மேல் வைத்தார். எடுத்து இடப்புறம் வைத்தார். கீழே வைத்தார். திரும்பவும் வட்டத்துக்கே வந்தார்.

"இது என்ன செவப்பு?"

"அது… அவ காலுக்கு" என்றாள் குனி.

செவிலியர் எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மருத்துவர் வந்து, கடைசியாக எப்போது நன்றாக அசைந்தது என்று கேட்டார். ரஜோவுக்கு முந்தைய நாள் மாலை என்றேன். "அப்பவே…" என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். முன்பே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று என் கணவர் பிறகு அவரிடம் தனியே கேட்டிருக்கிறார். பிழைத்திருக்கலாம், சொல்ல முடியாது என்பது கிடைத்த பதில். இரண்டு பாதிகளையும் அவர் எங்களுக்குச் சொன்னார். போவு முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் பிறந்தாள். பெண்தான். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. தலை நிறைய முடி. போவு அவளை வாங்கி, ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தார். பாதங்களைத் துடைத்தார். வெகுநேரம் பாதங்களையே துடைத்துக்கொண்டிருந்தார். குனி மருத்துவமனைச் சுவரோடு சுவராக நின்றாள். அவள் நகங்களில் சிவப்பு இன்னும் போகவில்லை.

எங்கள் பக்கத்தில் குழந்தைகளை எரிப்பதில்லை. ஆற்றங்கரைத் தாழம்புதர் ஓரமாக என் கணவர் குழி வெட்டினார். மூன்று நாட்கள் சுவரில் சாய்த்து வைத்திருந்த மண்வெட்டி அது. பண்டிகை முடிந்து, எங்கள் வீட்டார் பூமியில் போட்ட முதல் வெட்டு அதுதான் என்று அவரே பின்னர் சொன்னார்.

இதைப் படிப்பவர்கள் போவைப் பற்றித் தவறாக எண்ணிவிடக் கூடாது என்பது என் பணிவான வேண்டுகோள். அந்த வீட்டில் எனக்கோ அவளுக்கோ தீங்கு நினைத்தவர் ஒருவரும் இல்லை. அன்று சிரித்தவர்கள் எல்லோரும் அவளை எதிர்பார்த்திருந்தவர்கள்.

இழந்தவற்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். ஒரு பெண் குழந்தை, பெயர் வைக்கவில்லை. வெள்ளிக் கொலுசு ஒரு ஜோடி, அவளோடு போயிற்று. மாமரத்து ஊஞ்சல், கயிற்றை அவிழ்த்தவர் மறுபடி கட்டவில்லை. பொடா பிட்டா, எங்கள் தணலில் பிறகு வைத்ததில்லை, சாரு மாவுசி கொடுத்தனுப்புவதை வாங்கிக்கொள்கிறோம். குனியின் வாய், தை மாதத்தில் அவள் புக்ககம் போனபோது யாரையும் கேலி செய்யாமல் வண்டி ஏறினாள். போவின் சீட்டுக்கட்டு. என் வயிற்றுச் சிவப்பு; இரண்டு வாரம் இருந்தது, பிறகு அதுவும் இல்லை.