பச்சைத் தண்ணீரில் அலசியது

வேலையிடத்துப் பின்வாசல் தொட்டியில் தங்கச்சி அலசிக்கொண்டிருந்தது ஓட்டல் விரிப்பு இல்லை. ஓட்டல் விரிப்புகள் எல்லாம் வெள்ளை, ஓரத்தில் நீல நூல் ஓடும். அவள் கையில் இருந்தது எங்கள் வீட்டுப் பூப்போட்ட விரிப்பு, நானும் அவளும் சேர்ந்து படுப்பது. சாப்பாட்டு நேரம் என்பதால் மற்றவர்கள் உள்ளே இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் குழாயைக்கூட மூடாமல் தொட்டியை முதுகால் மறைத்துக்கொண்டாள்.

"தேதி தப்பி வந்துடுச்சுக்கா. விடு."

"போன வாரமும் இதையேதான் சொன்ன."

"நீ என்ன சூப்பர்வைசரா, கேள்வி கேக்குற?"

நாங்கள் இருவரும் ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தோம். எந்தக் கறை எதற்குப் போகும் என்பதுதான் அங்கே படிப்பு. இரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர். சுடுதண்ணீர் பட்டால் துணியோடு இறுகிவிடும், அப்புறம் தலைகீழாக நின்றாலும் போகாது. விரிப்பைப் பார்த்தே அறைக்காரர்களின் கதையைச் சொல்லுவார்கள் எங்கள் ஆட்கள். "கசங்கவே இல்ல பாரு, புது ஜோடி விடிய விடிய டிவி பாத்திருக்குதுங்க" என்று இஸ்திரி அக்கா சொன்னால் மெஷின் சத்தத்தையும் மீறிச் சிரிப்பு கேட்கும். தங்கச்சியைச் சுண்டெலி என்று கூப்பிடுவார்கள். மெஷின் சந்தில் விழுந்த தலையணை உறையை எடுக்க அவள் கைதான் போகும். கறை எடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இத்தனை மாதமாக வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாமல் போனது அந்தக் கைத்திறனால்தான்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் சித்தி எங்கள் பகுதி ஆஸ்பத்திரி வாசலிலேயே பழக்கடை வைத்திருந்தாள். பெண்கள் பிரிவு வரிசையில் யார் நிற்கிறார்கள் என்பது அங்கிருந்து நன்றாகத் தெரியும். வேலையிலோ, லீவு போடாதவர்களைத்தான் நிரந்தரமாக்குவார்கள்.

"கல்யாணம் முடியட்டும்க்கா. அப்புறம் அந்த வரிசைல நின்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. விசேஷம்னு நெனச்சுக்குவாங்க" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் வம்படியாக இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் முறை வந்ததும் நர்ஸ், வரிசை முழுக்கக் கேட்கும்படி, "கல்யாணம் ஆயிடுச்சா?" என்றாள்.

"இல்லீங்க."

"அப்ப உள்ள கருவி வச்சுப் பாக்க முடியாது. சத்து இல்ல உடம்புல. மாத்திரை தர்றேன், கீரை சாப்பிடு."

"சிஸ்டர், ரொம்ப நாளா போய்க்கிட்டே இருக்கு" என்றேன்.

"நீ யாரு, அக்காவா? உனக்கு ஆயிடுச்சா?"

"இல்ல."

"அப்ப உனக்கென்ன தெரியும்? அடுத்தது வாங்க."

வெளியே வந்ததும் தங்கச்சியின் முகத்தில் பல நாளாகக் காணாத தெளிவு. "பாத்தியா, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க." அப்படி யாரும் சொல்லவில்லை. பார்க்காமல் விட்டதே அவளுக்குப் போதுமாக இருந்தது. பழக்கடைச் சித்தி, "என்னம்மா இந்தப் பக்கம்?" என்றாள். "அக்காவுக்குப் பல்வலி சித்தி" என்றாள் இவள், கொஞ்சமும் யோசிக்காமல். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருமுனை திரும்பும்வரை கையை எடுக்கவில்லை. திரும்பியதும் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நாங்கள் சேர்ந்து சிரித்ததில் எனக்கு நன்றாக நினைவிருப்பது அதுதான்.

இஸ்திரி மெஷின் பக்கத்தில் அவள் மயங்கி விழுந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கல்யாணத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நேரே உள்ளே வைத்துப் பார்த்தார்கள். கர்ப்பப்பை வாயில் கட்டி, பரவிவிட்டது என்றார் டாக்டர். ஆண் பெண் சேர்க்கையில் தொற்றும் ஒரு கிருமியால் வருவது, முன்னமே பார்த்திருந்தால் குணப்படுத்தியிருக்கலாம் என்றார். எங்களைவிடச் சின்னப் பெண் அவர். சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் பேனாவை மூடித் திறந்தார்.

அம்மா மாற்றுத்துணிப் பையை இறுக்கிக்கொண்டு கட்டிலருகே போனாள். அவள் முதலில் கேட்டது, "யாருடி அவன்?"

தங்கச்சி சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, குளுருதும்மா. போர்வையக் கொஞ்சம் இழுத்து விடு."

அம்மா கால்வரை இழுத்துவிட்டு, ஓரங்களைச் செருகிவிட்டு, மறுபடியும் கேட்டாள். அம்மாவுக்கு அந்தப் பெயர் கடைசிவரை கிடைக்கவில்லை. நான் கேட்கவே இல்லை. யாராக இருந்தாலும், அவனையும் சேர்த்துத்தான் அவள் அலசிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, அவள் படுத்ததையெல்லாம் அம்மா அண்டாவில் வெந்நீர் கொதிக்க வைத்துத் துவைத்தாள். நான் வேலையிலிருந்து வந்தபோது பூப்போட்ட விரிப்பு கொடியில் தொங்கியது. கடைசியாக வீட்டில் படுத்திருந்தபோது எழுந்து அலசத் தெம்பில்லாமல் அவள் விட்டுப்போன கறை, பழுப்பாக, துணியோடு துணியாக இறுகிப்போயிருந்தது. பக்கத்து வீட்டுக்குத் தெரியாதபடி அம்மா அதை உள்பக்கமாக மடித்துப் போட்டிருந்தாள்.

"மடிச்சே போட்டா எப்படிம்மா காயும்?" என்றேன்.

அம்மா அடுப்படிக்குள் போனாள். நான் மடிப்பைப் பிரித்து, ஓரங்களை இழுத்து, முழு அகலத்துக்கும் விரித்துவிட்டேன். அடிவிளிம்பிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.